பாலுவின் கச்சேரியில் கிட்டார் வாசித்தவர்கள்

ஒரு பாடகர், அவருக்குப் பின்னால் வாசித்த நாலைந்து பேர். எழுபதுகளின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸிலும் மெட்ராஸிலும் ஒரே நேரத்தில் நடந்த இரண்டு கதைகள்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் சாயங்கால நேரம் ஏறிப் பாருங்கள். முதுகில் கிட்டார் பையைச் சுமந்துகொண்டு, அது யார் மூக்கிலும் இடிக்காமல் இருக்கச் சுவரோரம் ஒண்டி நிற்கும் பையன் ஒருவனாவது கண்ணில் படுவான். சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் மாடி அறைகளில் கிட்டார் வகுப்பு நடக்காத தெரு குறைவு. எந்த வாத்தியாரிடம் சேர்ந்தாலும், விரல் நுனி காய்த்துக் கொஞ்சம் தைரியம் வந்ததும், பிள்ளைகள் இரண்டு பாட்டுகளில் வந்து நிற்கிறார்கள். ஒன்று, ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’. மற்றது, ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய நிலாப் பாட்டு. சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டார் ஓட்டத்தைத் தடுக்கி விழாமல் வாசித்துவிட்டால் வீட்டில் மரியாதை கூடிவிடும்.

முதல் பாட்டு 1976 டிசம்பரில் வந்த ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டாவது 1982-ல் வந்தது. ஆனால் இந்த இரண்டு பாட்டுகளையும் உண்டாக்கியவர்கள் தொழில் பழகிய கதையை எடுத்தால், ஆச்சரியப்படும் அளவுக்கு ஒற்றுமை இருக்கிறது. ஈகிள்ஸ் என்ற பெயர் பிறப்பதற்கு முன், அந்தக் குழுவினர் லிண்டா ரான்ஸ்டட் என்ற பாடகிக்குப் பின்னால் நின்று வாசித்த கூலி வாத்தியக்காரர்கள். இளையராஜா என்ற பெயர் பிறப்பதற்கு முன், ராசய்யாவும் அவருடைய சகோதரர்களும் எஸ்.பி.பி.யின் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள்.

ட்ரூபடோர் வாசலில்

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அறுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு புது வாடை வீசியது. ராக் இசைக்காரப் பையன்களுக்குத் தங்கள் தாத்தா காலத்துக் கிராமத்துப் பாட்டு மேல் திடீரென்று ஆசை வந்தது. பாஞ்சோ, மாண்டலின், பெடல் ஸ்டீல் கிட்டார் எல்லாம் மின்சார கிட்டாரோடு ஒரே மேடையில் ஏறின. கிராம் பார்சன்ஸ் என்ற இளைஞர் பர்ட்ஸ் குழுவுக்குள் புகுந்து 1968-ல் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ ஆல்பத்துக்குக் காரணமானார். கன்ட்ரி ராக் என்று பின்னால் பெயர் வைத்தார்கள்.

இந்தக் கூட்டத்தின் சந்தைக்கடை, லாஸ் ஏஞ்சலிஸில் ட்ரூபடோர் என்ற இசை விடுதி. வாய்ப்புத் தேடி வந்த எல்லோரும் அங்கேதான் விழுந்து கிடப்பார்கள். டெட்ராய்ட்டிலிருந்து வந்த க்ளென் ஃப்ரை, டெக்சாஸிலிருந்து வந்த டான் ஹென்லி, பாட்டெழுதும் ஜே.டி.சௌதர், ஜாக்சன் ப்ரௌன். ஃப்ரையும் சௌதரும் ஜோடி சேர்ந்து 1969-ல் ஓர் ஆல்பம் போட்டார்கள். அது எடுபடவில்லை. எக்கோ பார்க் பகுதியில் மலிவு வாடகைக்கு இருவரும் குடியிருக்க, கீழே நிலவறையில் ப்ரௌன் குடியிருந்தார். காலையில் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்கும், பிறகு பியானோ. ஒரே வரியை இருபது தடவை வாசிப்பார், எழுந்து போவார், வந்து திரும்ப அதையே வாசிப்பார். மேலே படுத்திருந்த ஃப்ரைக்கு அந்தத் தரை வழியாகத்தான் பாட்டெழுதுவது எப்படி என்று தெரிந்தது. பிற்காலத்தில் இதை அவர் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறார். ப்ரௌன் பாதியில் விட்ட ஒரு பாட்டை ஃப்ரை எழுதி முடித்ததுதான் 1972-ல் ஈகிள்ஸின் முதல் வெற்றி.

நடுவில் லிண்டா ரான்ஸ்டட் வருகிறார். 1971-ல் அவருக்கு ஊர் ஊராகக் கச்சேரி செய்ய ஆள் தேவைப்பட்டது. ஃப்ரை வந்தார், ஹென்லி வந்தார். பர்ரிட்டோ பிரதர்ஸிலிருந்து பெர்னி லெடன், போக்கோவிலிருந்து ராண்டி மைஸ்னர். நாலு பேரும் ஒன்றாக அந்த அம்மாவுக்கு வாசித்தது அதிகமில்லை. 1971 ஜூலையில் டிஸ்னிலேண்டில் நடந்த கச்சேரியைத்தான் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். அதற்குள் பையன்கள் தங்களுக்கென்று ஒரு குழு தொடங்கப் போவதாக ரான்ஸ்டட்டிடமே சொல்லிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. ஒத்திகைக்கு இடம் முதற்கொண்டு உதவியிருக்கிறார். பிறகு அவர்களின் பாட்டை எடுத்துத் தன் ஆல்பத்திலும் பாடினார்.

பண்ணைப்புரத்துக் கூட்டாளிகள்

நம் கதைக்கு மின்சார கிட்டார் தாமதமாகத்தான் வருகிறது. தொடக்கத்தில் இருப்பது ஒரு ஆர்மோனியமும் கம்யூனிஸ்ட் கட்சி மேடையும்.

தேனிப் பக்கம் பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜன் என்றால் ஐம்பது, அறுபதுகளில் தெரியாதவர் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு பக்கமும் கட்சிக்காகப் பாடிக்கொண்டு திரிந்தவர். ஏற்றப்பாட்டு மெட்டிலும் தெம்மாங்கு மெட்டிலும் அரசியலை ஏற்றிக் கொடுப்பார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் மத்தியில் அவருடைய பாட்டு பெரிதாகப் பேசப்பட்டது. அந்த நாட்களில்தான் தம்பி ராசய்யாவும் அண்ணன் குழுவில் சேர்ந்தார். பின்னாலேயே பாஸ்கர், அமர்சிங். பிறகு கங்கை அமரன் ஆனவர் இந்த அமர்சிங்தான். பத்து வருடத்துக்குக் குறையாமல் இந்தக் குழு தெற்கத்தி ஊர்கள் முழுக்கச் சுற்றியது. மைக் கிடைத்தால் மைக், இல்லாவிட்டால் தொண்டை.

பக்கத்து அல்லிநகரத்தில் சின்னச்சாமி என்று ஒரு சுகாதார ஆய்வாளர். நாடகப் பித்து. அவர் போட்ட நாடகங்களுக்கு வாசிக்கப் போனவர்கள் இந்தச் சகோதரர்கள். பின்னாளில் அவர்தான் பாரதிராஜா. அரசாங்க வேலையை விட்டு மெட்ராஸுக்குக் கிளம்பியவர் அவர். சகோதரர்களும் அறுபதுகளின் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணம் முழுவதையும் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பினார் தாய் சின்னத்தாயம்மாள். இளையராஜா எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கும் செய்தி இது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த ரேடியோ மேலேதான் கண் போகிறது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த வீட்டில், பாட்டு வந்துகொண்டிருந்த பெட்டியே போய்விட்டது.

அன்றைக்குத் தெற்கிலிருந்து மெட்ராஸுக்கு ரயிலில் வருகிறவர்களுக்கு நகரம் தாம்பரத்தில்தான் தொடங்கும். மீட்டர்கேஜ் வண்டி அதைத் தாண்டித்தான் எழும்பூருக்குள் நுழையும். மின்சார ரயில் 1931-லிருந்தே ஓடுகிறது. 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து கிறிஸ்தவக் கல்லூரி இங்கே காட்டுக்குள் குடி வந்திருந்தது. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில் 1949-லிருந்து எம்.ஐ.டி. மற்றபடி வயல், ஏரி, செம்மண் ரோடு. வடக்கே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கன்டோன்மென்ட் ஒட்டிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு மெட்ராஸில் யார் வீட்டுக் கூடத்திலாவது சகஜமாக ஒலித்தது என்றால், அது இவர்கள் வீட்டில்தான். ஜிம் ரீவ்ஸ் இந்தியாவிலும் இலங்கையிலும் பிடித்த பிடி அப்படி. கிட்டாரும் டிரம்ஸும் சினிமாக்காரர்களுக்குப் புதுசாக இருந்த காலத்தில், மெட்ராஸ் ஸ்டூடியோக்களுக்கு வாசிக்க வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் நிறையப் பேர். எம்.எஸ்.விஸ்வநாதனின் பாட்டுகளில் டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்டைத் தன் ஆதர்சம் என்று டிரம்ஸ் சிவமணி சொல்வார்.

ஐம்பது பேர் வாசித்ததை ஏழு பேர் வாசிப்பது

மெட்ராஸில் சகோதரர்கள் போய் நின்ற உலகத்துக்கு லைட் மியூசிக் என்று பெயர். இன்றைய பிள்ளைகளுக்கு அதன் பவிசு சொன்னால் புரியாது. டிவி கிடையாது, கேசட் கிடையாது. சினிமாப் பாட்டைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் ரேடியோவில் அவர்கள் போடும்போது கேட்க வேண்டும், இல்லையென்றால் திரும்பப் படத்துக்குப் போக வேண்டும். மூன்றாவது வழி, கச்சேரி. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, தொழிற்சாலை ஆண்டு விழா, ரயில்வே காலனி பிள்ளையார் சதுர்த்தி எதுவானாலும் மேடை கட்டி லைட் மியூசிக் வைத்தால்தான் விழா. ஏ.வி.ரமணனின் மியூசியானோ, காமேஷ்–ராஜாமணி குழு என்று அந்தக் காலத்துப் பெயர்களைச் சொன்னால் புறநகரில் அறுபது தாண்டியவர்கள் முகம் இப்போதும் மலர்கிறது.

எஸ்.பி.பி.யின் கணக்கு வேறு. அவர் ஏற்கனவே சினிமாப் பாடகர். 1966 டிசம்பரில் தெலுங்கில் முதல் பாட்டு பதிவாகிவிட்டது. 1969-ல் ‘சாந்தி நிலைய’மும் ‘அடிமைப் பெண்’ணும் வந்து தமிழ்நாடு முழுக்க அவர் குரல் தெரிந்துவிட்டது. இன்ஜினீயரிங் படிக்க வந்தவர், நல்ல சட்டை போட்டவர், சிரித்த முகம். அவரே ஒரு குழு வைத்துக் கச்சேரிகள் செய்தார். ஆர்மோனியத்துக்கு அனிருத்தா. கிட்டாருக்கு ராசய்யா, பிறகு அவரே ஆர்மோனியத்துக்கும் மாறினார். தாளத்துக்கு பாஸ்கர். இன்னொரு கிட்டார் அமர். பேனரில் பாலு என்ற எஸ்.பி.பி.யின் பெயர் பெரிதாக இருக்கும். மற்றவர்கள் பெயர் இருந்தால் உண்டு. பாலுவைவிட மூன்று வயது மூத்தவர் ராசய்யா. ஆனாலும் அந்தக் குழுவுக்குள் வாடா போடாதான்.

இந்த மேடை என்ன கற்றுக் கொடுத்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எம்.எஸ்.வி. ஒரு பாட்டைப் பதிவு செய்யும்போது ஸ்டூடியோவில் வயலின்காரர்கள் மட்டுமே ஒரு வரிசை உட்கார்ந்திருப்பார்கள். புல்லாங்குழல், அக்கார்டியன், பியானோ, டபுள் பேஸ், தபலா, பாங்கோ என்று எல்லாம் சேர்ந்து ஒரு பட்டாளம். அதே பாட்டை ஒரு கல்யாணத்தில், ஆறேழு பேர், இரண்டு மூன்று மைக்கை வைத்துக்கொண்டு, கூட்டம் ‘அதே மாதிரி இருக்கே’ என்று சொல்லும்படி வாசிக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? முன்னிசையில் வயலின் போட்ட வரியை கிட்டார் வாசிக்கலாமா? வாசித்தால் அடியில் யார் சுருதியைத் தாங்குவது? பேஸ் இல்லாவிட்டால் பாட்டு ஏன் வெளுத்துப் போகிறது? பாடகர் மூச்சு வாங்கும் இரண்டு அட்சரத்தில் எந்த வாத்தியம் நுழைய வேண்டும்? ஒரு பாட்டின் எலும்புக்கூட்டை வெளியே எடுத்துப் பார்க்கும் பாடம் இது. எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. ஒரு முகூர்த்த சீசன் முழுக்க இதையே செய்தவனுக்கு, எது இல்லாமல் பாட்டு நிற்காது என்பது கை விரலில் தெரிந்துவிடும்.

பின்னாளில் இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கவனம் ஸ்டூடியோவில் மட்டும் வந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. ஆள் போதாத மேடையில் ஒவ்வொருவரும் இரண்டு ஆள் வேலை செய்தாக வேண்டிய கட்டாயத்துக்கும் அதில் பங்குண்டு.

மற்ற பாதி படிப்பு, மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் நடந்தது. தன்ராஜ் மாஸ்டர் என்ற அபூர்வ மனிதரிடம் 1968-ல் ராசய்யா மேற்கத்திய இசை கற்கச் சேர்ந்தார். பாக், மொசார்ட் எல்லாம் காகிதத்தில் பார்த்து வாசிக்கவும், காதால் கேட்டதைக் காகிதத்தில் எழுதவும் அங்கே பழகினார். ராஜா என்று கூப்பிட்டதும் மாஸ்டர்தான். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியது இந்தக் காலத்தில். பிறகு ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. கன்னடப் படங்களே அதிகம், எல்லாம் சேர்த்து 200 படங்களுக்கு மேல் என்பார்கள். சலீல் சௌத்ரிக்கு கிட்டார் வாசித்ததும் இப்படித்தான். பகலில் அடுத்தவர் பாட்டுக்கு நோட்ஸ் எழுதுவது, மாலையில் பாலுவின் மேடையில் அடுத்தவர் பாட்டை வாசிப்பது. சொந்த மெட்டுகள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ சேர்ந்துகொண்டிருந்தன.

இந்த வட்டத்துக்குள் மலேசியாவிலிருந்து ஒருவர் வந்தார். கிள்ளான் பக்கத்தில் பிறந்த வாசுதேவன். நடிக்க வந்து, பாட வாய்ப்பில்லாமல், சகோதரர்களின் ‘பாவலர் பிரதர்ஸ்’ மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார்.

முதல் படத்தில் பாலு இல்லை

கதாசிரியர் ஆர்.செல்வராஜ் ஊர்ப் பக்கத்து நண்பர். அவர்தான் பஞ்சு அருணாசலத்திடம் ராஜாவைக் கூட்டிப் போனார். மேசையில் தாளம் போட்டு ராஜா பாடிக் காட்டிய மெட்டுகள் பஞ்சுவுக்குப் பிடித்துப் போக, செல்வராஜின் கதைக்கே அவை பாட்டுகள் ஆயின. டைட்டிலில் என்ன பெயர் போடுவது என்று பேச்சு வந்தபோது ‘பாவலர் பிரதர்ஸ்’ வேண்டாம் என்றார் பஞ்சு. ராஜா என்றால் ஏற்கனவே ஏ.எம்.ராஜா இருக்கிறார். அதனால் இளைய ராஜா. பாட்டுப் பதிவு தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போய், அபசகுனம் என்று சிலர் முணுமுணுத்த கதையையும் தமிழ்நாடு அறியும்.

1976 மே மாதம் ‘அன்னக்கிளி’ வெளியானது. தேவராஜ்–மோகன் இயக்கம், சிவகுமாரும் சுஜாதாவும் நடித்த கறுப்பு வெள்ளைப் படம். முதல் சில நாட்கள் கூட்டமில்லை. பிறகு பாட்டு ரேடியோ வழியாகவும் டீக்கடை வழியாகவும் ஊருக்குள் பரவ, பாட்டே படத்தைத் தூக்கிவிட்டது. தமிழ் சினிமாவில் கிராமத்து மெட்டு இதற்கு முன் வரவில்லை என்று சொல்பவர்கள் கே.வி.மகாதேவனைக் கேட்காதவர்கள். இங்கே புதிது, அந்த மெட்டுக்கு அடியில் நடந்த காரியம். நாற்று நடுகிறவள் வாயில் வருகிற வரிக்குக் கீழே, மேற்கத்திய இலக்கணத்தில் எழுதப்பட்ட குரல்கள் எதிரும் புதிருமாக ஓடின. தாத்தா காலத்துப் பாட்டையும் மின்சார வாத்தியத்தையும் ஒரே மேடையில் ஏற்றிய கலிஃபோர்னியாக்காரர்கள் செய்ததற்கு ரொம்பத் தூரமில்லை இது. அதே 1976 பிப்ரவரியில்தான் ஈகிள்ஸின் முதல் தொகுப்பு ஆல்பமும் வந்தது. அமெரிக்காவில் எக்காலத்திலும் அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று அது.

‘அன்னக்கிளி’யில் ஜானகி பாடினார், சுசீலா பாடினார், டி.எம்.எஸ். பாடினார். பாலு பாடவில்லை. இத்தனை வருடம் மேடையில் யாருக்கு வாசித்தாரோ, அவர் குரல் தன் முதல் படத்தில் இல்லை. அதே வருடம் ‘பாலூட்டி வளர்த்த கிளி’யில்தான் ஜானகியோடு பாலு வந்து சேர்ந்தார். மறு வருடம் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’. அல்லிநகரத்து நாடகக்காரரும் பண்ணைப்புரத்துச் சகோதரர்களும் சினிமாவில் முதல் முறையாக ஒன்று சேர்ந்த இடம். கங்கை அமரன் எழுதிய பாட்டுக்கு ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது. தலைப்புப் பாட்டை இளையராஜாவே பாடினார். கமலுக்கான பாட்டு பாலுவுக்கென்று வைத்தது. பதிவு நேரத்தில் பாலுவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மலேசியா வாசுதேவனைக் கூப்பிட்டு டிராக் பாடச் சொன்னார்கள். பிறகு அந்தக் குரலே நிலைத்துவிட்டது, வாசுதேவனின் வாழ்க்கையும் நிலைத்தது. பாலுவின் தொண்டை கட்டியதால் இன்னொரு கூட்டாளிக்குக் கதவு திறந்தது என்று இதை யாரும் சண்டையாக்கவில்லை. பிற்பாடு பாலுவே சிரித்துக்கொண்டு மேடைகளில் சொல்வார்.

இந்த நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து தங்கள் கதையையே எடுத்தது போல ஒரு படம் உண்டு. 1980 தீபாவளிக்கு வந்த ‘நிழல்கள்’. மணிவண்ணன் கதை, பாரதிராஜா இயக்கம். மெட்ராஸில் வேலை கிடைக்காமல் அலையும் இளைஞர்கள், அதில் நடிகர் சந்திரசேகர் இசையமைக்க வாய்ப்புத் தேடுபவராக நடித்தார். அவருக்குக் குரல் பாலு, மெட்டு ராஜா. வாய்ப்பு வந்துவிட்டது என்ற கற்பனையில் அவர் பாடும் பாட்டில், ஸ்டூடியோவில் நின்று இசையை நடத்தும் மனிதராக இளையராஜா ஒரு நொடி முகம் காட்டுகிறார். படம் ஓடவில்லை. நாற்பது வருடம் தாண்டியும் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. படம் ஏன் ஓடவில்லை என்றால், கிராமத்தைக் காட்டு என்று பாரதிராஜாவிடம் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களிடம் வாடகைக்குத் திண்டாடும் அறையைக் காட்டினார் அவர்.

நோட்டீஸ்

கூட்டாளிகள் சண்டை போடாமல் இருந்தால்தான் அதிசயம். ஈகிள்ஸ் 1980 ஜூலையில் லாங் பீச் மேடையிலேயே ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டு பிரிந்து, 1994-ல்தான் திரும்பச் சேர்ந்தார்கள். இங்கே பாரதிராஜா எண்பதுகளின் பின்பாதியில் தேவேந்திரன், ஹம்சலேகா என்று போய், ‘நாடோடித் தென்றல்’ போன்ற படங்களுக்குத் திரும்பி வந்து, 1993-ல் ‘கிழக்குச் சீமையிலே’வுக்கு ஏ.ஆர்.ரஹ்மானிடம் போனார். அந்த ரஹ்மானின் தந்தை ஆர்.கே.சேகரும் இதே எழுபதுகளின் ஸ்டூடியோ உலகத்தவர். 1976 செப்டம்பரில் அவர் இறந்த பிறகு, அவருடைய கீபோர்டுகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது.

பாலு–ராஜா விரிசல் மட்டும் எல்லோருக்கும் வலித்தது. 2017 மார்ச்சில் திரையுலகில் ஐம்பது வருடம் நிறைந்ததைக் கொண்டாட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார் எஸ்.பி.பி. அனுமதியின்றித் தன் பாட்டுகளைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. இந்தச் சட்டம் தனக்குத் தெரியாது, இனி அந்தப் பாட்டுகளைப் பாடப்போவதில்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதினார் பாலு. கங்கை அமரன் அண்ணனை வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரே குழுவில் இரண்டு கிட்டார் பிடித்த அண்ணன் தம்பி, பாடியவருக்காக எதிரும் புதிருமாக நின்றார்கள்.

இளையராஜாவைத் திட்டித் தீர்த்தவர்கள் அன்றைக்கு ஊரெங்கும் இருந்தார்கள். என் கருத்து கொஞ்சம் வேறு. மெட்டு போட்டவனுக்குக் காலமெல்லாம் காசு வர வேண்டும் என்ற உரிமை அவ்வளவு சுலபமாக வந்ததில்லை. 2012 சட்டத் திருத்தம் வரை இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் ராயல்டிக்கான உரிமையையே தயாரிப்பாளரிடமோ கம்பெனியிடமோ எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள். அந்தச் சண்டை நியாயமானது. ஆனால் டிக்கெட் விற்று நடந்த கச்சேரி என்றால், நோட்டீஸ் முதலில் போக வேண்டிய இடம் நடத்தியவர்களின் ஆபீஸ். எழுபதுகளில் ஒரே மேடையில் வாசித்த நண்பனுக்குக் கடிதம் போவதற்கு முன் ஒரு போன் போயிருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை.

போன் எப்போது போனதோ, 2019 ஜூன் 2-ந் தேதி, ராஜாவின் பிறந்தநாளில், ஈ.வி.பி. பிலிம் சிட்டி மேடையில் பாலு ராஜாவின் பாட்டுகளைப் பாடினார். ஒத்திகையில் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்ட படத்தைப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. மறு வருடம் ஆகஸ்டில் கொரோனாவோடு பாலு மருத்துவமனையில் கிடந்தபோது இளையராஜா ஒரு வீடியோ வெளியிட்டார். எழுந்து வா என்று கூப்பிட்டவர், நம் வாழ்க்கை சினிமாவோடு தொடங்கியதல்ல, எங்கோ மேடைக் கச்சேரிகளில் ஒன்று கூடித் தொடங்கியது என்ற அர்த்தத்தில் பேசினார். ஏழாயிரத்துக்கும் மேல் சினிமாப் பாட்டு போட்ட மனிதருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது லைட் மியூசிக்தான். செப்டம்பர் 25-ல் பாலு போய்விட்டார். திருவண்ணாமலையில் அவருக்காக மோட்ச தீபம் ஏற்றினார் ராஜா.

ரான்ஸ்டட் கதையிலும் ஒரு பின்குறிப்பு உண்டு. 2014 ஏப்ரலில் ராக் இசைக்கான கௌரவ மன்றத்தில் அவரைச் சேர்த்தபோது, உடல்நலம் கெட்டுப் பாடவே முடியாமல் போயிருந்த அவரால் புரூக்ளினுக்கு வர இயலவில்லை. அவரைப் பற்றிப் பேசி மன்றத்தில் சேர்த்து வைத்தவர், 1971-ல் அவருக்குப் பின்னால் கிட்டார் வாசித்த க்ளென் ஃப்ரை.

சட்டப் பிரிவு 52

தாம்பரமும் பல்லாவரமும் 2021-லிருந்து ஒரே மாநகராட்சி. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் கல்யாண மண்டபங்களின் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் லைட் மியூசிக் மெலிந்துவிட்டது. ஏழு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, லேப்டாப்பில் கரோக்கி டிராக். பாடுகிறவர் பென் டிரைவைக் கையோடு கொண்டு வருகிறார். டிராக்கில் எல்லா வாத்தியமும் ஏற்கனவே இருப்பதால், எது இல்லாமல் பாட்டு நிற்காது என்று யாரும் யோசிக்க வேண்டிய அவசியமில்லை. நாலு வாத்தியக்காரர்களை வைத்து நேரடியாக வாசிக்கும் குழுக்கள் இப்போதும் இருக்கின்றன, கேட்பவர்கள் கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருந்தால்.

இந்தக் குழுக்காரர்கள் பலருக்கு 2017-லிருந்து ஒரு பயம் இருக்கிறது. ராஜா பாட்டைப் பாடினால் நமக்கும் நோட்டீஸ் வருமா என்று. டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கு நடத்துகிறவர்கள் உரிமம் வாங்கத்தான் வேண்டும். கல்யாணம் அப்படியல்ல. காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, சமயச் சடங்குகளிலும் அரசு விழாக்களிலும் பாட்டு பாடுவதை உரிமை மீறலாகக் கருதக்கூடாது என்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய மற்ற கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று அந்தப் பிரிவே விளக்கம் சொல்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசுத் துறையும் இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. ஆகவே அடுத்த முகூர்த்தத்துக்குச் சேலையூரிலோ பம்மலிலோ மேடை ஏறுகிற குழு, ராஜா போட்டு பாலு பாடிய எந்தப் பாட்டையும் யாரையும் கேட்காமல் வாசிக்கலாம். கிட்டாருக்கு ஆள் இருந்தால் நல்லது.